நாலு மணித்தியாலத்தில் பதில் இல்லையென்றால்

அன்பு மகன்,

இந்தச் சாமத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். "நித்திரையைக் குழப்பாதேங்கோ அம்மா, பேந்து பகல் முழுக்கத் தலையிடி எண்டு சொல்லுவியள்" என்று நீ பேசுவாய், தெரியும். பகலில் எழுத முயன்றுதான் பார்த்தேன். கந்தோரில் தொடங்கினால் போன் அடிக்கிறது. வீட்டில் தொடங்கினால் அப்பா வந்து கதிரைக்குப் பின்னால் நின்று "ஆருக்கு எழுதுறாய்?" என்கிறார். அவர் இப்போது உறங்குகிறார். மெயிலில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் வீட்டிலிருந்து வருவதெல்லாம் தானாகவே ஒரு தனிப் பெட்டிக்குள் போய்விடும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறுதலாகப் பார்ப்பேன் என்று நீயே சொன்னாய். எனக்கு ஞாயிறு வரைக்கும் பொறுக்க ஏலாது. அதனால்தான் தாள். காலை ரயிலில் கொழும்புக்குப் போகிற பக்கத்து வீட்டு ரீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன். உறையை ஒட்டவில்லை. உன்னோடு ஒரே அறையில் இருக்கிற பெடியளும் உன் வேலையைத்தானே செய்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும். அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்த சிலதையும் திரும்ப எழுதுகிறேன்.

பண்டத்தரிப்பில் ஒட்சிசன் மெசினில் இருந்த ஐயா செத்துப்போன செய்தியை உனக்கு நான்தான் அறிவித்தேன். உன் பதில் அடுத்த நாள் வந்தது. "அம்மா, முழுக்கப் பாத்தன். ஃப்ளோ சரியாத்தான் வேலை செய்திருக்கு. கஸ்ரமர் றிப்ளை பண்ணேல்லை. டேற்றாதான் பிழை. நீங்கள் யோசிக்காதேங்கோ." அதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதே. அதில் பொய் இல்லை என்பதுதான் என்னை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது. நீ பொய் சொல்லியிருந்தால் நேரே ஏசிவிட்டு அழுதுவிட்டுப் படுத்திருப்பேன். நீ நம்புகிறாய் மகன். ஒரு மனிதர் செத்த பிறகும் அது சரியாக வேலை செய்தது என்று மனதார நம்புகிறாய்.

எங்கள் கம்பனி சின்னது. மூச்சு முட்டுகிறவர்களுக்கு வீட்டில் வைக்கிற மெசினை வாடகைக்குக் கொடுத்து, பழுதானால் போய்ப் பார்ப்பதுதான் வேலை. காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிற மெசின் அது. போன் எடுப்பதும், எந்த ரெக்னீஷியன் எந்த வீட்டுக்குப் போவது என்று பார்ப்பதும் என் பொறுப்பு. நீ வரமுன்னர் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. வீட்டுப் பேர், ஊர், என்ன பழுது என்று மார்க்கரால் எழுதுவேன். முடிந்தால் அழிப்பேன். மழைக் காலத்தில் மார்க்கர் பிடிக்காது, விரலால் அழிந்துவிடும், எங்கள் ரெக்னீஷியன் தேவா அண்ணை ஒரு வீட்டுக்கு இரண்டு தரம் போய் வந்து என்னை நக்கலடிப்பார். உன் படிப்பு முடிந்து, கொழும்பு வேலை சரிவரும்வரை வீட்டில் சும்மா இருந்தாய். நான்தான் சேரிடம் கேட்டேன், எங்கள் முதலாளியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவது. "மகன் உதெல்லாம் கொம்பியூட்டரிலை செய்து தருவான் சேர்." நான் சொன்ன அந்த வசனத்தில்தான் இது தொடங்கியது.

நீ எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்த நாட்களை நான் மறக்க மாட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமைப்பட்ட நாட்கள் குறைவு. உன்னைப் பெறும்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். நூலகத்தில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு குறிப்பு எழுதியிருக்கிறேன். நீ வளர்ந்த பிறகு பஸ்ஸில் எங்களைப் பார்க்கிறவர்கள் அக்காவும் தம்பியும் என்று நினைப்பார்கள், நீ வெட்கப்பட்டு இரண்டு சீற் தள்ளிப் போய் உட்காருவாய். அப்படிப்பட்ட நீ என் பக்கத்தில் இருந்து, "அம்மா, போன் வந்தா முதல் என்ன செய்வியள்? பேந்து? அதுக்குப் பேந்து?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாய். நான் சொன்னதெல்லாம் பெட்டி பெட்டியாகத் திரையில் வந்தது. போன் வந்ததும் நான் பெயரைப் பதிந்தால் திரைப் பலகையில் அந்த வேலைக்கு ஒரு காட், ஒரு சின்ன அட்டை, முளைக்கும். காட் முளைத்தால் அந்த வீட்டுக்கு மெசேஜ் போகும். அதிலுள்ள இணைப்பைத் திறந்து அவர்கள் ஒன்றாம் இலக்கத்தை அழுத்தினால் ரெக்னீஷியனின் போனில் வேலை விழும். அவர் முடித்ததும் கணக்கு மென்பொருளில் பில் எழும். ஒரு இடத்தில் நடப்பது இன்னோர் இடத்தில் அடுத்ததைத் தானாக நடத்தும். அதைத்தான் நீ ஃப்ளோ என்றாய்.

தேவா அண்ணைக்கு முதலில் பிடிக்கவில்லை. அவர் கம்பனி தொடங்கின காலத்திலிருந்து இருக்கிற ரெக்னீஷியன், வாய் கொஞ்சம் கூட. "பிள்ளை, உன்ரை மோன் எனக்கு முதலாளி ஆயிட்டான். 'தொடங்கு' எண்டதை அமத்தாமல் கக்கூசுக்கும் போகேலாது" என்றார். நீ சிரித்துக்கொண்டு, "அதுக்கும் ஒரு காட் போட்டு விடட்டோ அண்ணை?" என்றாய். கந்தோரே சிரித்தது. ஒரு கிழமைக்குள் அவரும் பழகிவிட்டார். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பின்னேரம் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்குச் சூடாகப் புட்டு அவித்தேன். சேர் வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் திரையைத் திருப்பிக் காட்டினார். கொழும்புக் கம்பனி உன்னை எடுத்ததும் இதைக் காட்டித்தானே. நீ கொக்குவில் ஸ்ரேசனில் ரயில் ஏறும்போது, "இதுதான் அம்மா என்ரை முதல் புறொஜெக்ற், ஒண்டையும் மாத்தாதேங்கோ" என்று யன்னலால் சொன்னாய். நான் ஒன்றையும் மாற்றவில்லை.

அந்த நாலு மணித்தியால விதி எங்கே பிறந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? எங்கள் சாப்பாட்டு மேசையில். பெற்றோல் கிடையாமல் அவதிப்பட்ட காலம் எங்கள் எல்லோருடைய மண்டைக்குள்ளும் இன்னும் இருக்கிறது. அந்த நாள் தேவா அண்ணை நெல்லியடி வரைக்கும் போய், கேற் பூட்டியிருந்து, வெறுங்கையோடு வந்தார். நான் அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டு கறி போட்டேன். நீ கையைக் கழுவாமலே எழுந்துபோய் மடிக்கணினியைத் திறந்தாய். "இனி உப்பிடி நடக்காது. வீட்டில நிக்கினமோ எண்டு முதல் கேக்கும். நாலு மணித்தியாலத்தில பதில் இல்லையெண்டா காட் பக்கத்து வரிசைக்குப் போயிடும். அந்த நேரத்தை அடுத்த ஆளுக்குக் குடுத்திடும்." நானும் அப்பாவும் உன்னைப் பார்த்துச் சிரித்தோம். அப்பா, "உவன் கெட்டிக்காரன்" என்றார். பதில் வராததற்குக் கேற் பூட்டியிருப்பதைவிட வேறு காரணம் இருக்கலாம் என்று அந்த மேசையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்ததுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. மெசேஜ் எந்த இலக்கத்துக்குப் போகவேண்டும் என்று ஃப்ளோவுக்குத் தெரிய வேண்டும். அதற்கு நீ கணக்கு மென்பொருளில் இருந்த இலக்கங்களை இழுத்து இணைத்தாய். எல்லா வீட்டுக்கும் அதில் ஒழுங்காக இலக்கம் இருந்தது, திரும்பப் பதிகிற வேலை மிச்சம். ஆனால் மகன், அது பில் கட்டுகிறவரின் இலக்கம். எங்கள் ஊரில் கட்டுகிறவர் ஒரு தேசத்தில், கட்டிலில் படுத்திருக்கிறவர் இன்னொரு தேசத்தில். இது உனக்குத் தெரியாத கதையா? எங்கள் வீட்டுக் கரண்ட் பில்லையே நோர்வேயிலிருந்து உன் மாமாதான் கட்டுகிறார். கரண்ட் வெட்டப்போகிறோம் என்ற அறிவித்தல் அவருடைய போனுக்குப் போய், அவர் அங்கே வேலையில் நிற்க, நாங்கள் இருட்டில் இருந்திருக்கிறோம். நீ மெழுகுதிரியில் சோதனைக்குப் படித்தாய். இவ்வளவும் தெரிந்த பிள்ளை எப்படி மறந்தாய்? நீ மறந்தாய் என்றால் நான் எப்படி மறந்தேன்? பக்கத்தில் கதிரை போட்டு இருந்தது நானல்லவா?

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் அந்த ஐயாவின் மனைவி போன் எடுத்தா. பழைய பட்டன் போன், இரைச்சல். "பிள்ளை, மெசின் கத்துது. சிவப்பு லைற் எரியுது. இவருக்கு இழுக்குது" என்றா. ஐயா புகையிலைத் தோட்டக்காரர், வாழ்நாள் முழுக்கப் புகைக்குள் நின்றவர், மெசின் இல்லாமல் கன நேரம் தாங்கமாட்டார். நான் பதிந்தேன். காட் முளைத்தது. மெசேஜ் கனடாவுக்குப் போனது, பில் கட்டுகிற மகளின் போனுக்கு. அங்கே நடுச்சாமம். நாலு மணித்தியாலம் கழிய காட் பக்கத்து வரிசைக்குப் போனது. 'வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு' என்று நீ பெயர் வைத்த வரிசை. தேவா அண்ணையின் போனில் ஒன்றுமே விழவில்லை. பின்னேரம் கந்தோர் பூட்டுகிற நேரம் அந்த அம்மா திரும்பவும் எடுத்தா. "கைச் சிலிண்டரைப் பூட்டி விட்டிருக்கிறன் பிள்ளை. அது விடியுமட்டும் தாங்குமோ?" நான் பதியப் போனேன். ஏற்கெனவே காட் இருக்கிறது என்று சொல்லிப் புதியதை அது பழையதோடு சேர்த்துக்கொண்டது. திரையில் நீல நிறம். நீலம் என்றால் வேலை நடக்கிறது என்றுதான் எனக்கு நீ சொல்லித் தந்தது. "ஓம் அம்மா, உங்கடை பதிவு இருக்கு. வருவினம்" என்றேன்.

பின்னால் அந்த மெசின் கத்துவது எனக்குக் கேட்டது மகன். போனுக்குள்ளால் நல்லாகவே கேட்டது. வெள்ளைப் பலகைக் காலமாக இருந்தால் நான் எழும்பி வாசலுக்குப் போய், "அண்ணை, எல்லாத்தையும் விட்டிட்டு முதல்ல பண்டத்தரிப்புக்கு ஓடுங்கோ" என்று கத்தியிருப்பேன். நீ வேலையை எழுதிக் கேட்டபோது இதை நான் சொல்லவில்லை. இது ஒரு வேலை என்றே எனக்குத் தெரியாது. தெரியாததை நீ எப்படிப் பெட்டிக்குள் போடுவாய்? அதனால் என் பங்கை உன் தலையில் போட இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அது என்னோடு இருக்கும். ஐயா விடியப்புறம் செத்துப்போனார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில். அன்று காலையே கேள்விப்பட்டு தேவா அண்ணை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். போனை என் மேசையில் வைத்தார். பிறகு சொன்னார். "நான் நேற்றுப் பின்னேரம் மானிப்பாயில நிண்டனான் பிள்ளை. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டனான். அடுத்த வேலை எப்ப விழும் எண்டு போனைப் பாத்துக்கொண்டு." மானிப்பாயிலிருந்து பண்டத்தரிப்பு எவ்வளவு தூரம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீ சைக்கிளில் போய்வந்த பாதை.

சேர் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் தயார்பண்ணினார். உரிய நேரத்தில் அறிவித்தும் வாடிக்கையாளரிடமிருந்து பதில் கிடைக்கவில்லை, எமது ஆழ்ந்த அனுதாபங்கள். அதை ரைப் பண்ணச் சொல்லி என்னிடம் தந்தார். நான் தயங்கினேன். "பிள்ளை, நான் ஆரையும் மாட்டிவிடேல்லை. உங்கடை மகன்ரை பேரையும் சேத்துத்தானே காப்பாத்துறன்" என்றார். குரலை உயர்த்தவில்லை, அன்பாகத்தான் சொன்னார். நான் ரைப் பண்ணினேன். உன் மெசேஜிலும் அதே வசனம்தான் இருந்தது என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன். கொழும்பில் நீயும் கொக்குவிலில் அவரும் பேசி வைக்காமலே ஒரே வசனத்தை எழுதியிருக்கிறீர்கள்.

அதை நான் தபாலில் போடவில்லை. எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போனேன். நேரே கொடுப்பதுதான் மரியாதை என்று சேரிடம் சொன்னேன். உண்மையில் நான் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். முற்றத்தில் போட்ட கொட்டகை இன்னும் பிரிக்கவில்லை. விறாந்தையில் எங்கள் மெசின் சுவர்ப் பக்கம் தள்ளி, மேலே ஒரு துவாய் விரித்துக் கிடந்தது. அந்த அம்மாவுக்கு நான் யார் என்று சொன்னதும் குரல் பிடிபட்டுவிட்டது. கோபிக்கவில்லை. "நீங்கள் 'வருவினம்' எண்டு சொன்னபடியாத்தான் பிள்ளை பாத்துக்கொண்டிருந்தனாங்கள். இல்லையெண்டா பின்னேரமே ஓட்டோ பிடிச்சிருப்பன்" என்றா. யாரோ கேட்ட கேள்விக்கு விபரம் சொல்வதுபோலச் சொன்னா. சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி வைக்க எழும்பினா.

கனடாவிலிருந்து வந்த மகள் என்னைவிடக் கொஞ்சம் இளையவள். ஐயாவின் உடம்பை அவளுக்காக வைத்திருந்து, அவள் வந்த பிறகுதான் எடுத்தார்களாம். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உறையை நீட்டினேன். வாசித்தாள். வாசித்துவிட்டு, "பதில் கிடைக்கேல்லை எண்டு போட்டிருக்கு" என்றாள். "நான் பதில் போட்டனான் அக்கா."

"எப்ப?" என்றேன்.

"இரவு பதினொண்டுக்கு ட்யூட்டி முடிச்சு வந்து போனைச் சைலன்ரில போட்டிட்டுப் படுத்தனான். காலமை ஆறரைக்கு எழும்பின உடன பாத்தனான். பாத்த உடன ஒண்டை அமத்தினனான். இந்த இணைப்புக் காலாவதியாகிவிட்டது, விரைவில் தொடர்புகொள்வோம் எண்டு வந்துது. சரி, கதைப்பினம் எண்டு நினைச்சன். பேந்து பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தினன்."

அவள் காலை ஆறரை என்று சொன்ன நேரம், இங்கே பின்னேரம் நாலு. அவளுடைய தாய் போனில் எனக்குச் சிலிண்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம். நான் நீல நிறத்தைப் பார்த்து வருவினம் என்று சொன்ன அதே நேரம் அவள் அங்கே ஒன்றை அமத்தியிருக்கிறாள். அவள் பதில் போட்டாள் மகன். இது உனக்குத் தெரியாது. பிந்தி வருகிற பதிலுக்கு உன் ஃப்ளோவில் இடமே இல்லை, அதனால் உனக்கும் அது தெரியவில்லை, பலகைக்கும் தெரியவில்லை. கேட்டவர்களே காதை மூடிக்கொண்டு, அவள் வாய் திறக்கவில்லை என்று கடிதமும் எழுதினோம். அந்தக் கடிதத்தை ரைப் பண்ணிய கையால்தான் அதை அவளிடம் கொடுத்தேன்.

நான் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு நீ கோபித்தாலும் பரவாயில்லை. "அதைச் செய்தது என்ரை மகன்" என்றேன். குசினி வாசலில் தாய் தேத்தண்ணியோடு நின்றா. "உங்கடை பொடியனோ?" என்று கேட்டா. "அவனுக்கு உதைச் சொல்லாதேங்கோ பிள்ளை. வாழவேண்டிய பிள்ளை. மனம் விட்டிடுவான்." மகள் தாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இல்லை. சொல்லுங்கோ. அவரிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றாள். "நான் போனைச் சைலன்ரில போடாமல் படுத்திருந்தா ஐயா இருந்திருப்பாரோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. எனக்கு அது மட்டும் தெரிஞ்சாக் காணும்." செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாதுதானே. கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி வந்தேன். பஸ் மானிப்பாய்ச் சந்தியில் நிற்கும்போது யன்னல் பக்கம் பார்க்கவில்லை.

இப்போது அவளுக்கு என்ன சொல்வது என்று நீயே யோசி. உன் விதிப்படி பார்த்தால் பதில் ஓம் என்றுதான் வரும். அவள் நித்திரையால் எழும்பி நேரத்துக்கு ஒன்றை அமத்தியிருந்தால், தேவா அண்ணையின் போனில் வேலை விழுந்திருக்கும், ஐயா இருந்திருப்பார். அதாவது ஃப்ளோ சரியென்றால் அவள்தான் பிழை. நீ எனக்கு ஆறுதலாக அனுப்பிய வசனத்தின் மறுபக்கம் அதுதான். இரவு வேலை செய்து, அந்த உழைப்பில் தகப்பனுக்கு மூச்சு வாங்கிக்கொடுத்த ஒரு பிள்ளை, உறங்கினதுக்காக ஆயுள் முழுக்கத் தன்னைத்தானே தின்னப் போகிறாள். நாங்கள் அப்படியே விட்டுவிட்டால் தின்பாள். கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

உனக்கு இது விளங்காது என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் எங்கள் கிணற்று மோட்டரைத் தாங்கியோடு இணைத்தாயே. தண்ணீர் குறைந்தால் தானாக ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். ஒரு கோடையில் கிணறு வற்ற, தாங்கி நிறையாததால் மோட்டர் நிற்காமல் ஓடி எரிந்து மணத்தது. அப்பா ஏசவில்லை, நீதான் அழுதாய். "நிப்பாட்ட ஆளில்லை எண்டதை நான் யோசிக்கேல்லை அம்மா" என்றாய். பிறகு கன நேரம் ஓடினால் அடிக்கிற மாதிரி ஒரு மணி பூட்டினாய். பக்கத்து வீட்டு ரீச்சர் இன்றைக்கும் அந்த மணிச் சத்தத்துக்கு ஏசுவா. மோட்டருக்கு மணி கட்டிய பிள்ளை, அந்தக் காத்திருப்பு வரிசைக்கு ஏன் ஒரு மணி கட்டவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மோட்டரின் நாற்றம் உன் மூக்குக்கு வந்தது. பண்டத்தரிப்பு வீடு உனக்கு ஒரு பெயரும் ஒரு இலக்கமும்தான். நீ அங்கே ஒரு நாளும் போகவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

நீ இந்த வேலையை விடு என்று சொல்ல நான் வரவில்லை. உன் உழைப்பை அவமதிக்கவும் இல்லை. தாயாக ஒன்றைச் சொல்கிறேன், உன் அறைப் பெடியளுக்கும் சேர்த்து. நீங்கள் ஒரு விதி எழுதும்போது பதில் சொல்லாத மனிதரை வேலை முடிந்த மனிதராக நினைக்காதீர்கள். வாய் திறக்காதவருக்கு மூச்சு விட ஏலாமல் இருக்கலாம். போன் பேரனிடம் இருக்கலாம். மகள் உலகத்தின் மறுபக்கத்தில் உறங்கலாம். அப்படிப் பதில் இல்லாமல் நிற்கிற ஒவ்வொரு காட்டும் ஒரு மனிதரின் கண்ணில் கட்டாயம் பட வேண்டும். அந்த மனிதர் எரிச்சல்படட்டும், ஏசட்டும், பெற்றோல் வீணாகப் போகட்டும். கேற் பூட்டியிருந்தால் தேவா அண்ணை திரும்பி வந்து என்னை நக்கலடிப்பார். அதைவிட வேறொன்றும் நடக்காது.

ஐயா சாகிறதுக்கு முதல் கிழமை நீ போனில் கதைக்கும்போது ஒரு வசனம் சொன்னாய். "அதே ரெம்பிளேற்றைத்தான் அம்மா இஞ்சை ரெண்டு கிளினிக்குக்கும், வீட்டுக்குத் தாதி அனுப்புற இடத்துக்கும் போடுறம்." அப்போது சந்தோஷப்பட்டேன். இப்போது அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. அங்கேயும் கட்டுகிறவர் ஒருவர், படுத்திருக்கிறவர் இன்னொருவர்தானே. எங்கள் கந்தோரில் அந்த விதியை நான் நிறுத்திவிட்டேன். ஒண்டையும் மாத்தாதேங்கோ என்று சொல்லிவிட்டுப் போனாய், மாற்றிவிட்டேன். சேருக்கு நாளைக்குச் சொல்வேன். வேலை போனால் போகட்டும். ஆனால் கொழும்பில் இருப்பதை என்னால் தொட ஏலாது. அதை உன் கைதான் நிறுத்த வேண்டும். அதற்கு நீ உன் மேலாளரிடம் போய், இது என் பிழை, இதனால் ஒருவர் செத்தார் என்று சொல்ல வேண்டி வரும். நீ வேலைக்குப் போய் இன்னும் காலூன்றவில்லை. அவர்கள் உன்னைத் தூக்கி எறியவும் கூடும். எல்லாம் யோசித்துத்தான் கேட்கிறேன். உன்னை அப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடக்கும். அது முடிய அந்தப் பிள்ளை கனடாவுக்குப் போய்விடும். நான் போய், நீயில்லை தங்கச்சி, விதிதான் பிழை என்று சொன்னால், ஒரு தாய் பரிதாபப்பட்டுச் சொல்கிறாள் என்றுதான் எடுப்பாள். அவள் கேட்டது என்னையல்ல. எழுதினவன் வாயால் அதைக் கேட்டால்தான் நம்புவாள். அவளுடைய இலக்கத்தைக் கடைசித் தாளின் கீழே எழுதியிருக்கிறேன். அது கணக்கு மென்பொருளில் இருக்கிற இலக்கமல்ல, இங்கே வந்து வாங்கினது. நீ எடுத்துக் கதை. மெசேஜ் அனுப்பாதே. என்ன சொல்வது என்று எனக்கும் தெரியாது. எடுத்த பிறகு வரும்.

கதைத்தாயா, அந்த விதியை அங்கே நிறுத்தினாயா என்ற இரண்டுக்கும் எனக்குக் கெதியாகப் பதில் போடு.

அம்மா